மயில் நடனத்துக்குக் கண் அலங்காரம்: நீலமும் பச்சையும் ஏன் சாம்பல் நிறமாகிவிடுகின்றன?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி) கேட்கிறார்:

வணக்கம். நவராத்திரியை ஒட்டிப் பாடசாலையில் நடைபெறும் கலை நிகழ்வில் என் அக்காவின் மகள் மயில் நடனம் ஆடவிருக்கிறாள். உடையும் தலையணியும் ஆயத்தமாகிவிட்டன. கண் அலங்காரத்தை மட்டும் வீட்டிலேயே நான் செய்துவிடுவதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். மூக்கின் பக்கம் பொன்னிறத்தில் தொடங்கி, பச்சையாகி, நீலமாகி, கண்ணின் வெளி முனையில் ஊதாவில் முடியும் ஒரு மயிற்பீலி அலங்காரத்தைச் செய்ய விரும்புகிறேன்.

காணொளிகளில் சொல்வது போலவே முதலில் இமை மடிப்பில் செம்மஞ்சள் கலந்த மண்ணிற ஐ ஷேடோவைப் பூசி, அதன் மேல் நீலத்தையும் பச்சையையும் பூசிப் பார்த்தேன். பெட்டியில் அவ்வளவு ஒளியோடு இருக்கும் நிறங்கள் அவளுடைய இமையில் ஏறியதும் மங்கிச் சாம்பல் பூத்தது போல் ஆகிவிடுகின்றன. தேய்க்கத் தேய்க்க எல்லாம் ஒன்றாகக் கலந்து, எங்கே நீலம், எங்கே பச்சை என்றே தெரியவில்லை. அவள் மாநிறத்தவள், இமைகள் சற்றுக் கருமையானவை. புழுக்கத்தில் மடிப்புக்குள் மை திரண்டு ஒரு கோடாகவும் நின்றுவிடுகிறது. விலை கூடிய பெட்டி வாங்கினால்தான் இது சரியாகுமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எங்கள் அம்மப்பா கூத்து ஆடியவர். அவருடைய ஒப்பனைப் பெட்டியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறப் பொடிகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் நிறம் இன்றும் மங்கவில்லை. அவற்றைச் சிறிதளவு எண்ணெயில் குழைத்து இமையில் பூசலாமா?

கல்முனை மணப்பெண் அலங்காரம் பதிலளிக்கிறார்:

தங்கச்சி, புதுப் பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குறை பெட்டியில் இல்லை; நீலத்துக்கு அடியில் நீங்கள் பூசிய செம்மஞ்சளில்தான் இருக்கிறது. நிறச் சக்கரத்தில் நீலமும் செம்மஞ்சளும் நேரெதிரே நிற்பவை. எதிரெதிர் நிறங்கள் இரண்டைக் கலந்தால் ஒன்றையொன்று அடக்கி, மண்ணிறமாகவோ சாம்பலாகவோதான் முடியும். செம்மஞ்சளும் மண்ணிறமும் சிவப்பு, செம்பு, பொன் போன்ற சூடான நிறங்களுக்கு அருமையான முன்பூச்சு. அந்தப் பழக்கத்தை அப்படியே நீலத்துக்கும் கொண்டுவருவதால்தான் இந்தச் சிக்கல் பலருக்கும் வருகிறது. உங்கள் அலங்காரத்துக்கு மடிப்பின் மேல் வரும் மெல்லிய நிழல் இளம் ஊதாவாகவோ, வெளிர் நீலமாகவோ இருக்கட்டும்.

நீங்கள் தேர்ந்த வரிசை மிகச் சரியானது. பொன், பச்சை, நீலம், ஊதா என்று வானவில்லின் ஒழுங்கில் அடுத்தடுத்து வரும் நிறங்கள் எல்லையில் கலந்தாலும் அழுக்காகத் தெரிவதில்லை. பொன்னையும் ஊதாவையும் நேரடியாகத் தொட விட்டால் மட்டும் அந்த இடம் சேறாகும்.

இனி அடித்தளத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. இமையில் கிரீம், எண்ணெய் எதுவும் இல்லாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாக உலரவிட்ட பின், கன்சீலரை (தோலின் கருமையை மறைக்கும் பூச்சு) மிக மெல்லியதாக, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். தடித்த பூச்சுத்தான் புழுக்கத்தில் மடிப்புக்குள் திரள்கிறது. பிறகு, மடிப்பிலும் அதற்கு மேலும் மாத்திரம் சிறிதளவு பவுடரை ஒற்றுங்கள். நிறம் அழுத்தமாக நிற்க வேண்டிய இமைப் பகுதியைப் பவுடர் போடாமல் சற்று ஒட்டும் தன்மையோடு விடுங்கள். பவுடர் போட்ட இடத்தில் நிறம் வழுக்கிக்கொண்டு கலையும், போடாத இடத்தில் பற்றிக்கொள்ளும். எங்கே கலைய வேண்டும், எங்கே பற்ற வேண்டும் என்பதை இப்படி முன்கூட்டியே நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள்.

கருமையான இமைக்கு ஒரு நுணுக்கம் உண்டு. மினுக்கம் இல்லாத நிறத்துக்கு அடியில் வெள்ளை வேண்டும்; மினுங்கும் நிறத்துக்கு அடியில் கறுப்பு வேண்டும். வெள்ளைப் பென்சில் பூசிய இடத்தில் வெறும் நீலமும் மஞ்சளும் பெட்டியில் இருப்பது போலவே தெரியும். கறுப்புப் பென்சிலை மெல்லியதாகப் பூசி, அதன் மேல் மினுங்கும் பச்சையை ஒற்றினால், ஒளி பட்டுத் திரும்பும் மினுக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதால், அந்தப் பச்சை ஆழமாகவும் உலோகம் போலவும் இருக்கும். மயிற்பீலிக்கு இரண்டும் பயன்படும். உள் மூலையின் பொன்னுக்கும் நடுவிலுள்ள நீலத்துக்கும் வெள்ளை அடிப்பூச்சு. பீலிக் கண் போல மினுங்க வேண்டிய பச்சைக்குக் கறுப்பு.

நிறத்தைத் தேய்க்கவே கூடாது. தட்டையான, அடர்த்தியான தூரிகையிலோ விரலிலோ எடுத்து அழுத்தி ஒற்ற வேண்டும். முதலில் எல்லா நிறங்களையும் அதனதன் இடத்தில் ஒற்றி முடித்துவிட்டு, நிறம் தோயாத சுத்தமான இன்னொரு தூரிகையால் இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தை மாத்திரம் மெல்ல மெல்ல நீவுங்கள். நடுவைத் தொட்டால் மீண்டும் சாம்பல்தான். மினுங்கும் நிறத்துக்குத் தூரிகையைச் சுத்தமான நீரில் சற்று நனைத்துக்கொண்டால் நிறம் இன்னும் திரண்டு ஏறும். மினுக்கம் இல்லாதவற்றை அப்படி நனைக்க வேண்டாம். பெட்டியிலேயே மேற்பரப்பு இறுகிப்போய்ப் பிறகு தூரிகையில் எதுவும் வராது.

வெளி முனையில் கூரான ஓரம் வேண்டுமென்றால், கீழ் இமையின் முனையிலிருந்து புருவ முனையை நோக்கிச் சாய்வாக ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் அதைப் புறங்கையில் ஓரிரு முறை ஒட்டி எடுத்து, அதன் பிசினைக் குறைத்துக்கொள்வது அவசியம். அந்த இடத்தின் தோல் மிக மெல்லியது. பவுண்டேஷனைக் கண் வேலை முடிந்த பிறகே பூசுங்கள். நீலப் பொடி கன்னத்தில் உதிர்ந்தே தீரும். பவுண்டேஷனுக்கு முன் என்றால் பஞ்சால் துடைத்துவிடலாம்.

நடன ரீச்சர் (மட்டக்களப்பு) பதிலளிக்கிறார்:

மேலே கல்முனைச் சகோதரி எழுதியவை அனைத்தும் பொருத்தமானவை. ஆனால் வெள்ளை அடிப்பூச்சைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. கண்ணுக்குள் இடும் மென்மையான வெள்ளைப் பென்சில், குளிரூட்டிய மண்டபத்தில் இருக்கும் மணப்பெண்ணுக்குப் பொருந்தலாம். மழைக்கு முந்திய புழுக்கத்தில் திறந்த மேடையில் துள்ளி ஆடும் பிள்ளைக்கு அது உருகி வழுக்கும். மெல்லிய கன்சீலருக்கு மேல் வெள்ளை ஐ ஷேடோவை ஒற்றினால் போதுமானது. நிறத்தின் ஒளி கொஞ்சம் குறையலாம். ஆனால் ஆட்டம் முடியும் வரை இருந்த இடத்தில் இருக்கும்.

மேடை அலங்காரம் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் அழகாக இருந்தால் போதாது. பார்வையாளர் அமரும் தூரத்தில் நான்கு நிறங்களின் நுண்மையான மாற்றம் தெரியாது. நிறம் இருக்கிறது, கண் பெரிதாக இருக்கிறது என்ற இரண்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் அகலமான இடம் கொடுங்கள். நடனத்தில் கண்ணே பேசுவதால் கோடுகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். மேல் இமையின் கறுப்புக் கோட்டைக் கண் முனையைத் தாண்டிக் கன்னப்பொட்டுப் பக்கமாக நீட்டுங்கள். கீழ்க் கோட்டை மயிர் வரிசைக்குச் சற்றுக் கீழே வரைந்து, மேற்கோட்டோடு சேர்த்துவிடாமல் இணையாக வெளியே கொண்டுசென்று, இரண்டுக்கும் இடையில் வெள்ளை நிரப்பினால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த வெள்ளையும் விழியின் பகுதியாகவே தோன்றும். கண் உருளும் ஒவ்வோர் அசைவும் கடைசி வரிசை வரை போய்ச் சேரும். நிறத்தை மட்டும் பூசி இந்தக் கோட்டை விட்டுவிட்டால், எவ்வளவு அழகான மயிற்பீலியும் மேடையில் வெறும் நீலத் திட்டாகிவிடும்.

விளக்கு அமைப்பவரிடம் மயில் நடனத்துக்கு எந்த நிற ஒளி போடப்போகிறார் என்று இன்றே கேட்டு வையுங்கள். சிவப்பு ஒளியில் சிவப்புப் பூச்சு வெளிறி மறைந்துவிடும். பச்சையும் நீலமும் கறுத்துவிடும். மஞ்சள் கலந்த ஒளியில் நீலம் மங்கும். மயிலுக்கு வெள்ளையோடு இளநீலம் கலந்த ஒளியே நல்லது. சிவப்புத்தான் என்று அவர் பிடிவாதமாக நின்றால், பொன்னையும் மினுங்கும் வெள்ளையையும் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்க, கைத்தொலைபேசியின் டோர்ச் மேல் நிறச் செலோபேன் தாளை மடித்துப் பிடித்து, இருட்டறையில் அவள் முகத்தில் அடித்துப் பாருங்கள்.

வியர்வையைப் பற்றியும் ஒரு சொல். அலங்காரத்தைத் தொடங்குவதற்கு முன்பே அவளை மின்விசிறியின் கீழ் அமர்த்தி முகச் சூட்டைத் தணியவிடுங்கள். பிறகு வியர்த்தால் ரிசுத் தாளை ஒற்றி எடுக்க வேண்டுமே தவிர, துடைக்கக் கூடாது. கண்ணுக்குள் கீழ் இமை விளிம்பில் மை இட வேண்டாம். முதலில் கரைந்து ஒழுகுவது அதுதான்.

வெண்படலம் (அம்பாறை) பதிலளிக்கிறார்:

கண் சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றுகிறேன். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இன்னும் எவரும் பதில் எழுதாதது எனக்குக் கவலை தந்தது.

தயவுசெய்து அந்தக் கூத்துப் பெட்டியிலுள்ள பொடிகளை உங்கள் பிள்ளையின் கண்ணுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். நம் கூத்துக் கலைஞர்கள் அந்தப் பொடிகளோடு விடிய விடிய ஆடியவர்கள். அந்தக் கலையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அரிதாரம் என்ற மஞ்சள் கனிமம் ஆசனிக் என்ற நச்சுப்பொருளும் கந்தகமும் சேர்ந்த ஒன்று. பழைய சிவப்புப் பொடிகளில் ஈயமோ இரசமோ கலந்திருக்கலாம். பழைய அரங்கப் பூச்சுகளின் வெள்ளையில் ஈய வெள்ளையும் பயன்பட்டிருக்கிறது. பெட்டியில் எது இருக்கிறது என்று பார்வையாலோ மணத்தாலோ அறிய வழியில்லை. நிறம் மங்காமல் இருப்பது அது பாதுகாப்பானது என்பதற்கு அடையாளமும் ஆகாது; கனிமப் பொடிகள் பல மங்குவதே இல்லை. எண்ணெயில் குழைத்தால் அது இமை விளிம்பினூடாகக் கண்ணுக்குள் இன்னும் எளிதாக ஊர்ந்து போகும். பெட்டியை மூடி, சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் குடும்பச் சொத்தாக வைத்திருங்கள்.

இதே காரணத்துக்காக, பெயர்ச் சீட்டு இல்லாமல் விற்கப்படும் சுர்மா என்ற கண் மையையும் தவிருங்கள். அவற்றுள் பலவற்றில் முக்கியப் பொருளே ஈய சல்பைட்டுத்தான். அழகுசாதனங்களில் கோல் (kohl) எனப்படும் அந்த வகை மையைச் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிப்பதில்லை. குங்குமம், கோலப் பொடி, கேக்குக்கு இடும் நிறம், சுவரொட்டி வரையும் நிறம் ஆகியவையும் கண்ணுக்கு உரியவை அல்ல.

மயிற்பீலி என்றதும் கிளிட்டர் தூவ எண்ணுவீர்கள். புத்தகக் கடையில் கைவேலைக்கு விற்கும் கிளிட்டரைத் தொட வேண்டாம். அதன் துகள்கள் பெரியவை, ஓரங்கள் கூரானவை, ஒரு துகள் இமைக்கு அடியில் போய், பிள்ளை கண்ணைக் கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். கண்ணுக்கென்று விற்கப்படும் நுண்ணிய கிளிட்டரைக்கூட இமையின் நடுவில் மட்டும், உரிய பசையின் மேல் ஒற்றுங்கள். மயிர் வரிசையின் ஓரத்தில் வேண்டாம். ஏதேனும் விழுந்துவிட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவ வேண்டும். உறுத்தலோ மங்கலோ குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழுவாக ஆடும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தூரிகையாலும் ஒரே மஸ்காராவாலும் அலங்கரிக்கும் வழக்கத்தைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஒருவருக்குக் கண்நோய் இருந்தால் அது எல்லோருக்கும் பரவிவிடும். நிறத்தைச் சுத்தமான தட்டில் சிறிது சுரண்டி எடுத்து, ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியால் பூசுங்கள். தூரிகையை எச்சிலால் நனைக்கவே வேண்டாம். மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மற்றப் பொருள்களில் திறந்த டப்பா போன்ற ஒரு படத்துக்குள் 6 எம், 12 எம் என்று அச்சிட்டிருப்பது, திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதையே குறிக்கிறது. ஒட்டு இமை (செயற்கை இமை மயிர்) வைப்பதாக இருந்தால், அதன் பசையை முன்னதாகவே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் வரை அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடி வாசகி பதிலளிக்கிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும். மேடைக்கு வெளியே, பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் நிறமான கண் அலங்காரம் செய்ய விரும்பி இதை வாசிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். முகத்திரை அணியும் எங்களுக்குக் கண்கள் மட்டுமே வெளியே தெரிவதால், புருவத்திலிருந்து கீழ் இமை வரை எல்லாம் சேர்ந்துதான் முழுப் படமாகிறது. மேலே நிறத்தைக் குவித்துவிட்டுக் கீழ் இமையை வெறுமையாக விட்டால் அலங்காரம் பாதியில் நின்றது போல் இருக்கும். வெளி முனையில் உள்ள நிறத்தையே மெல்லிய தூரிகையால் கீழ் மயிர் வரிசையின் அடியில் பாதித் தூரம் வரை கொண்டுவாருங்கள். கறுப்புத் துணிக்கு மரகதப் பச்சை, செம்பு, கத்தரிப்பூ நிறம் ஆகியவை மிகவும் எடுப்பாக இருக்கும். துணி உராய்வதால், கீழ்ப் பகுதியில் பென்சில் மட்டும் போதாது. அதே நிறப் பொடியை அதன் மேல் ஒற்றி உறுதியாக்க வேண்டும்.

நீர் புகாத மஸ்காராவும் ஐலைனரும், தொழுகைக்கு முன் முகம் கை கழுவும் வுழூவின்போது நீர் படுவதைத் தடுக்கும் என்பதால், நான் தொழுகை நேரத்தைக் கணக்கிட்டே அலங்காரத்தைத் தொடங்குவேன். வெந்நீரில் சிறு குழாய்களாகக் கழன்று வரும் மஸ்காரா வகையும் இருக்கிறது, அது வசதியானது. சிவப்பு, ஊதா நிறங்களில் கார்மைன் என்ற சாயம் சேர்ந்திருக்கலாம். அது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. மரக்கறி மட்டும் உண்பவர்களும், எங்களைப் போல் பார்த்து வாங்குபவர்களும் பொருள் பட்டியலில் சி.ஐ. 75470 என்ற எண் இருக்கிறதா என்று கவனிக்கலாம்.

வாவிக்கரை மீண்டும் எழுதுகிறார்:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. அம்மப்பாவின் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். இளம் ஊதாவை முன்பூச்சாக வைத்து, ஒற்றி ஒற்றிப் பூசியதில் நீலம் நீலமாகவே நிற்கிறது. இப்போது மீதமிருப்பவை இரண்டு. அவள் கண்ணைத் திறந்ததும் இமையின் பெரும்பகுதி மடிப்புக்குள் போய்விடுவதால், நான் பூசிய பச்சை மறைந்துவிடுகிறது. நிகழ்வு முடிந்து இரவு நேரம் கழித்து வீடு திரும்பும் பிள்ளைக்கு இவ்வளவையும் எப்படிக் கழுவுவது என்பதும் தெரியவில்லை.

கல்முனை மணப்பெண் அலங்காரம் பதிலளிக்கிறார்:

மடிப்பைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. கண்ணை மூடச் சொல்லி இடம் குறிக்க வேண்டாம். அவள் கண்ணாடியை நேராகப் பார்த்தபடி, புருவத்தைத் தூக்காமல், இயல்பாகக் கண்ணைத் திறந்திருக்கட்டும். அப்போது கண்ணுக்குத் தெரியும் தோலில், இயற்கை மடிப்புக்குச் சற்று மேலே, சிறு புள்ளிகளாக ஊதாவை வைத்து அடையாளமிடுங்கள். அந்தப் புள்ளிகளை இணைக்கும் வளைவே உங்களுக்கு மடிப்பு. பச்சையையும் நீலத்தையும் அதுவரை உயர்த்திப் பூசுங்கள். கண்ணை மூடும்போது நிறம் மிகவும் மேலே ஏறியிருப்பது போல் தோன்றும். ரீச்சர் சொன்ன தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் சரியான அளவு. ரீச்சர் வெள்ளைப் பென்சிலைப் பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். திறந்த மேடைக்கு அவர் சொன்னபடியே வெள்ளைப் பொடியைப் பயன்படுத்துங்கள்.

கழுவுவதற்குப் பொறுமை மட்டும் வேண்டும். ஒட்டு இமை இருந்தால் முதலில் அதன் ஓரத்தை எண்ணெயால் ஊறவிட்டு மெல்லக் கழற்றுங்கள். கண்ணுக்குள் வில்லை அணிபவராக இருந்தால், கையைக் கழுவி அதையும் முன்பே கழற்றிவிட வேண்டும். பிறகு, கண் அலங்காரம் நீக்குவதற்கென்று விற்கும் எண்ணெய்க் கலவையில் நனைத்த பஞ்சை மூடிய இமையின் மேல் வைத்து, அசைக்காமல் முப்பது விநாடி வரை பிடித்திருங்கள். நிறம் இளகியதும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். பஞ்சைத் திருப்பித் திருப்பி, நிறம் வருவது நிற்கும் வரைக்கும் புதிய பஞ்சு எடுங்கள். மயிர் வேர்களில் ஒட்டியிருக்கும் கறுப்பைப் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிட்டு, மென்மையான முகக் கழுவியால் கழுவி முடிக்கலாம். கிளிட்டர் இருந்தால் தண்ணீர் படுவதற்கு முன், செலோ டேப்பை லேசாக ஒற்றி அதை எடுத்துவிடுங்கள்.

அடர்ந்த நீலமும் பச்சையும் கழுவிய பின்னும் தோலில் மெல்லிய சாயமாக நிற்கக்கூடும். அதைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம். அடுத்த ஒன்றிரண்டு முகக் கழுவலில் அது தானாகவே போய்விடும். மறுநாள் பாடசாலை இருந்தால், வகுப்பு ஆசிரியருக்குக் காரணம் தெரிந்தே இருக்கும்.